காசு மாறாத வியாபாரம்

கேள்வி: அமெரிக்காவில் தேசிய வனநிலத்தைத் தனியாருக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்கள் நிலத்தை அரசு வாங்கிக்கொள்ளும் மசோதாக்கள் வருகின்றன. 'பட்ஜெட்டில் சொல்லும்படியான தாக்கம் இல்லை' என்ற மதிப்பீட்டோடு நிறைவேறியும் விடுகின்றன. அரசுக்கு நஷ்டமில்லை என்றால் எதிர்ப்பு எதற்கு?

பதில்: நஷ்டமில்லை என்று யார் சொன்னது? அமெரிக்கக் காங்கிரஸின் (அந்நாட்டு நாடாளுமன்றம்) பட்ஜெட் அலுவலகம் எண்ணுவது ரொக்கத்தை மட்டும்தான். அடுத்த 10 ஆண்டுகளில் கருவூலத்துக்கு எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்பதோடு அதன் வேலை முடிந்தது. நிலத்துக்கு நிலம் கொடுத்தால் காசு கைமாறாது, கணக்கில் பூஜ்யம். கொடுக்கும் நிலத்தில் மரமோ மேய்ச்சலோ வருமானம் தந்துகொண்டிருந்தால் அதைக் கழிப்பார்கள். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய அரசு வாங்கிய கட்டணம் பல ஆண்டுகள் 1.35 டாலர். அது நின்றுபோனால் பட்ஜெட் ஆடிவிடுமா என்ன!

பழைய வளையலைப் போட்டுப் புது வளையல் வாங்கி வந்தால் வீட்டுக் கணக்கு நோட்டில் செலவே ஏறாது. கடைக்காரர் எடையை எப்படிப் போட்டார் என்பதும் ஏறாது.

எடைக்கு ஒரு சட்டம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டு பக்க நிலமும் சம மதிப்பில் இருக்க வேண்டும், வித்தியாசத்தை ரொக்கமாகச் சரிக்கட்டலாம், ஆனால் அது 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம். மதிப்பு என்ன என்பதோ மதிப்பீட்டாளர் பேனாவில் இருக்கிறது. 2000இல் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் இந்தப் பரிவர்த்தனைகளைத் தோண்டியது. நெவாடாவில் அரசு 7,63,000 டாலர் என்று மதிப்பிட்டுக் கொடுத்த நிலத்தை, வாங்கியவர் அன்றைக்கே 46 லட்சம் டாலருக்கு விற்றிருந்தார். (அது வனத்துறை நிலமல்ல, நில மேலாண்மைத் துறையுடையது. ஆனால் இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான்.) பரிவர்த்தனை முறையையே நிறுத்துவது பற்றி காங்கிரஸ் யோசிக்கட்டும் என்று எழுதினார்கள் தணிக்கையாளர்கள். நின்றதா? இல்லை.

அரிசோனாவின் ஓக் ஃபிளாட்டைப் பாருங்கள். டோன்டோ தேசிய வனத்தில் சுமார் 2,400 ஏக்கர். அடியில் மிகப் பெரிய செம்புப் படிவம். அதை ரியோ டின்டோ, பிஎச்பி என்ற இரண்டு சுரங்கக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் ரெசல்யூஷன் காப்பர் நிறுவனத்துக்குக் கொடுத்து, 5,300 ஏக்கருக்கு மேல் வாங்கிக்கொள்வது ஏற்பாடு. ஏக்கர் கணக்கில் அரசுக்குத்தான் லாபம்! தனி மசோதாவாகப் பல தடவை வந்து தேறாத இது, 2014 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான வருடாந்தர அங்கீகார மசோதாவுக்குள் புகுந்து சட்டமாகிவிட்டது. அந்த இடத்தின் ஒரு பகுதியில் சுரங்கம் தோண்ட 1955 முதல் தடை இருந்தது; செம்பிலிருந்து அரசுக்கு ஒரு டாலரும் வந்ததில்லை. வராத வருமானத்தை எந்தக் கணக்கில் இழப்பாக எழுதுவது? தடை இல்லாத இடத்திலும் 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி செம்புக்கு ராயல்டி (தோண்டி எடுப்பதில் அரசுக்குத் தரும் பங்கு) கிடையாது, அது வேறு கதை. இந்தச் சட்டத்தில் மட்டும் ஒரு விதி சேர்த்தார்கள்: மதிப்பீட்டில் அனுமானித்த அளவுக்கு மேல் செம்பு எடுத்தால், அந்த அதிகப்படிக்குப் பணம் கட்ட வேண்டும். ஆக, அந்த அனுமானத்தை எவ்வளவு என்று வைக்கிறார்களோ அதிலேயே பாதி பேரம் முடிந்துவிடுகிறது.

தோண்டி முடித்தால் அங்கே ஏறத்தாழ 2 மைல் அகலத்துக்குப் பள்ளம் விழும். அப்பாச்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வழிபடும் இடம் அது. அதை எழுத பட்ஜெட் அலுவலகத்தின் கணக்கு நோட்டில் இடமே கிடையாது.

எல்லாப் பரிவர்த்தனையும் மோசடி என்று சொல்ல வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகளுக்குச் சதுரம் விட்டுச் சதுரம் நிலம் கொடுத்ததால் மேற்கு மாநிலங்களில் பல வனங்கள் சதுரங்கப் பலகை மாதிரி கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்தால் எல்லை அளப்பதிலும் பாதை போடுவதிலும் செலவு மிச்சம்தான். சரி, செய்யட்டும்.

ஆனால் விலை தெரிய வேண்டுமென்றால் ஏலம் விடலாமே. லாஸ் வேகாஸ் சுற்றுவட்டார அரசு நிலத்துக்கு 1998இல் ஒரு சட்டம் போட்டு அப்படித்தான் செய்தார்கள்: போட்டி ஏலம், வருமானத்தில் 5 சதவீதம் மாநிலக் கல்விக்கு, 10 சதவீதம் தண்ணீர் வாரியத்துக்கு, மீதி தனிக் கணக்கில். ஓக் ஃபிளாட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. எழுந்திருந்தால் இன்னொரு கம்பெனி வந்து விலை கேட்டிருக்குமே! வாங்குபவரின் பெயரைச் சட்டத்திலேயே அச்சடித்து விட்டார்கள்.