கிட் காருக்கு எந்த எஞ்சின் சரிவரும்?

கிட் கார் என்பது சட்டகத்தையும் உடற்பகுதியையும் உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் கார். எஞ்சின் பெரும்பாலும் அதோடு வராது. பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிப் போடுவார்கள்.

முதலில் எடையைப் பாருங்கள், சிசியை அப்புறம் பார்க்கலாம். இருவர் உட்காரும் சிறிய கிட் கார் 550, 600 கிலோதான் இருக்கும். சாதாரணக் குடும்பக் கார் 1,000 கிலோவைத் தாண்டிவிடும். அங்கே சாதுவாக இருந்த 100 குதிரைத்திறன் எஞ்சின் இங்கே துள்ளும். எஞ்சின் கனமாக இருந்தால் முன்பக்கம் அமுங்கி, வளைவில் கார் திரும்ப மறுக்கும். சைக்கிள் கேரியரில் இருக்கும் மூட்டையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு ஓட்டிப் பாருங்கள், புரியும்.

கியர்பாக்ஸ், வயரிங், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி), சாவி எல்லாவற்றையும் எஞ்சின் இருந்த அதே காரிலிருந்து எடுங்கள். சாவியை விட்டுவிட்டால் பல கார்களில் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு எஞ்சினை ஸ்டார்ட் ஆகவே விடாது!

பொருத்தும்போது எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப் தரையில் தட்டாத உயரம் வேண்டும். மேலே இடம் போதுமா என்று பார்க்க, எஞ்சின் மேல் நாலைந்து களிமண் உருண்டை வைத்து பானெட்டை மூடித் திறங்கள். நசுங்கிய உருண்டையின் தடிமன்தான் மிச்ச இடைவெளி. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும். மயிரிழை இடைவெளி போதாது.

பெரிய எஞ்சின் போட்டால்தான் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதைத் தாங்க பிரேக், டிஃபரன்ஷியல் (சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி), ரேடியேட்டர் எல்லாம் பெரிதாக வேண்டும். அப்படி ஏறும் எடையே கிடைத்த வேகத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.