பாயும் தண்ணீர் யார் பேரில்? பாசனக் கேள்வி-பதில்

கேள்வி: பத்திரம் கணவர் பேரில் இருக்கிறது, அவர் வெளியூரில் வேலையில். வரப்பு, மடை, வாய்க்கால் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். பாசன சங்கத்தில் எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் சொல்லிச் சொல்லித் தண்ணீர் வாங்கிவிடுகிறேன். இதற்குமேல் மல்லுக்கு நிற்கவேண்டுமா?

நிற்கத்தான் வேண்டும். சொல்லி வாங்கும் தண்ணீர் நல்ல வருஷத்தில் வரும். தட்டுப்பாடு வந்ததும் முதலில் நிற்பது அதுதான்.

நேபாளத்தின் சத்தீஸ் மௌஜா பாசனத்தைப் பற்றி 1996இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த விஷயத்தைத்தான் பார்த்தது. அங்கே பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு வருவதே அரிது. ஆனாலும் பெண்கள் நடத்திய பண்ணைகளுக்குத் தேவையான நீர் கிடைத்தது. பராமரிப்பு வேலைக்கு அவர்கள் ஆள் தருவதும் குறைவாக இருந்தது. உறுப்பினராக இல்லாத ஒருவரிடம் விதியைக் காட்டி ஆள் கேட்கவும் முடியாதல்லவா! மேலோட்டமாகப் பார்த்தால் இது லாபம். ஆனால் இப்படி வளைத்துக்கொள்வது மடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே கைகூடும். கடைமடைக்காரிக்கு விதி ஒன்றுதான் துணை. அந்த விதியை எழுதும் இடத்தில் அவர் இருக்கவேண்டும்.

சங்க விதியில் 'நில உரிமையாளர்' என்பதைப் 'பயிர் செய்பவர்' என்று மாற்றக் கேளுங்கள். அது நடக்கும்வரை கணவரிடம் எழுத்தில் அதிகாரக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். தண்ணீர்க் கட்டண ரசீது உங்கள் பேரில் வரட்டும். கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது என்றும் பாருங்கள். அடுப்பு எரியும் நேரத்தில் வைத்தால் ஓட்டு இருந்தும் பயனில்லை.

கேள்வி: என் தண்ணீர் முறை எப்போதும் நள்ளிரவில்தான் வருகிறது. தனியாகப் போக அச்சமாக இருக்கிறது. ஆள் வைத்தால் கூலி.

உங்கள் சுற்று சரியாக 7 நாளாக இருக்கும். 168 மணி நேரச் சுற்றில் ஒருவருடைய முறை வாராவாரம் அதே நேரத்தில்தான் விழும். சுற்றை 180 மணி நேரமாக்கினால், அதாவது அரை நாள் கூட்டினால், இந்தத் தடவை இரவு வந்தவருக்கு அடுத்த தடவை பகல் வரும். அரை நாள் தாமதத்தைப் பெரும்பாலான பயிர்கள் தாங்கும். மணல் பாங்கான நிலத்தில் மட்டும் கவனம் வேண்டும். கூட்டத்தில் இதைப் பெண்களுக்கான சலுகையாக வைக்காதீர்கள். இரவுச் சுமையை எல்லோரும் பங்கிடும் முறை என்று வையுங்கள், அதுதான் உண்மையும்.

இன்னொரு வழி பண்ணைக் குட்டை. விநாடிக்கு 10 லிட்டர் வீதம் 2 மணி நேரம் வந்தால் 72 கன மீட்டர். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குட்டை அதைப் பிடித்துக்கொள்ளும் (கரைச் சரிவுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்). விடிந்தபின் நிதானமாகப் பாய்ச்சலாம்.

கேள்வி: திட்டம் வகுக்கும் பணியில் இருக்கிறேன். குடும்பத்துக்கு ஒரு பாசன மனை (நீர் பாயும் நிலத்துண்டு) போதாதா? தனித்தனியாகக் கொடுத்தால் குடும்பம் பிளவுபடாதா?

அடிக்கடி வரும் கேள்வி, அதனால் விரிவாகவே சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவின் ஜஹாலி-பச்சார் நெல் திட்டம் 1980களில் தொடங்கியது. காலங்காலமாக நெல் பயிரிட்டவர்கள் பெண்கள். மனைகளைப் பெண்கள் பேரில் பதிந்தார்கள்கூட. ஆனால் அந்த நிலத்தைக் 'குடும்ப நிலம்' என்று வகுத்துவிட்டதால் விளைச்சல் குடும்பத் தலைவர் கைக்குப் போனது. இரண்டு போகம் வந்தது, உழைப்பும் இரட்டித்தது, கையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பெண்கள் கூலி கேட்டார்கள், சிலர் வேலைக்கு வருவதையே நிறுத்தினார்கள். திட்டம் அங்கேதான் இடறியது.

அதே மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்கினா ஃபாசோவில் நடந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. கணவனுக்கும் மனைவிக்கும் சிறிய மனைகளைத் தனித்தனியே கொடுத்த வீடுகளில் நிலத்தின் விளைச்சலும் உழைப்பின் பலனும் கூடுதலாக இருந்தன. ஆணுக்குக் கிடைக்கும் இடுபொருளும் வசதியும் பெண்ணுக்கும் கிடைத்தால் அவர்கள் பண்ணையின் விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு கூடும் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் 2011இல் கணக்கிட்டது. பிளவு வருவது மனையைப் பிரிப்பதால் அல்ல. ஒருவர் உழைத்து இன்னொருவர் கணக்குப் பார்ப்பதால். பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, விற்ற காசு யார் கையில் சேர்கிறது என்பதையும் திட்டத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: சொட்டுநீர் போட்டால் என் வேலை குறையுமா?

களையெடுப்பு குறையும், வரிசைக்கு நடுவே ஈரம் படாது. ஆனால் வடிகட்டி கழுவுவது, அடைத்த துளைகளைத் தேடுவது, குழாய் முனையைத் திறந்து கசடு வெளியேற்றுவது என்று புது வேலைகள் வரும். பயிற்சிக்கு வீட்டு ஆண் போய், பராமரிப்பு உங்கள் தலையில் விழுந்தால் ஒரே பருவத்தில் குழாய் சுருட்டி மூலைக்குப் போய்விடும். விற்பவரிடம் முதல் நாளே, வடிகட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லி, பிறகு உங்கள் கையால் மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: காய்கறிப் பாத்திக்கு வாளியில் சுமக்கிறேன். மிதி பம்பு வாங்கலாமா?

100 சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் 500 லிட்டர். 10 லிட்டர் வாளியில் 50 நடை, அரை டன் சுமை. மிதி பம்பு விநாடிக்கு 1 லிட்டர் தந்தால்கூடப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீர்மட்டம் 7 மீட்டருக்குக் கீழே போனால் இழுக்காது, அதைக் கோடையில் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.