வீட்டு லினக்ஸ் சர்வரை வெளியூரிலிருந்து இயக்க, ரவுட்டரில் 22-ஆம் போர்ட்டை, அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் வாசலைத் திறக்கலாமா?

வேண்டாம். திறந்த கொஞ்ச நேரத்திலேயே தானியங்கி நிரல்கள் வந்து பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடும். போர்ட் எண்ணை மாற்றினால் லாக்கில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர மறைகுறியாக்கிய தனிப் பாதை தரும் வயர்கார்ட் விபிஎன் போடுங்கள். ரவுட்டரில் யுடிபி 51820 மட்டும் சர்வருக்குப் போனால் போதும். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே தராது. ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணையப் பக்கத்து ஐபி முகவரி, 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பலருக்குப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து சர்வருக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது, அது தேவைப்படாத டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை எளிது.

அடுத்து எஸ்எஸ்எச். லேப்டாப்பில் ஈடி25519 வகைச் சாவி ஜோடி உருவாக்கி, தனிச்சாவிக்குப் பாஸ்ஃபிரேஸ் (பூட்டும் கடவுச்சொற்றொடர்) வைத்து, பொதுச்சாவியை மட்டும் சர்வரில் சேருங்கள். சாவியால் நுழைய முடிகிறது என்று உறுதியான பிறகே பாஸ்வேர்ட் நுழைவை அணையுங்கள். உபுண்டுவில் அணைத்தும் பாஸ்வேர்ட் கேட்கிறதா? எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் டாட் டி (sshd_config.d) கோப்புறையில், சர்வரின் முதல் அமைப்பைச் செய்யும் கிளவுட்-இனிட் நிரலின் கோப்பு இருக்கிறதா பாருங்கள். அது முதலில் படிக்கப்படுவதால் அதிலுள்ள மதிப்பே செல்லும்.

இதையெல்லாம் வீட்டில் இருக்கும்போதே செய்யுங்கள். பழைய இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து சோதியுங்கள். ஃபயர்வாலை இயக்கும் முன் எஸ்எஸ்எச்சுக்கும் 51820-க்கும் அனுமதி கொடுத்துவிடுங்கள். மறந்தால் வெளியே மாட்டிக்கொள்வீர்கள். கடைசியாக, போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் நுழைந்து பாருங்கள்.