அம்மாவின் 'உண்மையான உடல் வயதை' எந்த டெஸ்டில் தெரிந்துகொள்வது?

தண்டையார்பேட்டையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 70 வயது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார், 'உடல் வயது' சொல்லும் ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். டி.என்.ஏ.வில் 353 இடங்களில் ஒட்டியிருக்கும் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறிகளை வைத்து வயதைக் கணிக்கும் முறையை விஞ்ஞானி ஸ்டீவ் ஹோர்வாத் 2013-இல் வெளியிட்டார். ஆய்வுக்கு அருமையான கருவி. ஆனால் அம்மாவுக்கு 74 என்று வந்தால் எந்த மாத்திரையை மாற்றுவது? அதற்கு எந்த டாக்டரிடமும் பதில் கிடையாது.

முதலில் கால்களைப் பாருங்கள். கைப்பிடி இல்லாத, வளையாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் சேர் வழுக்கும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, பக்கத்திலேயே நின்று நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலம் குறைகிறது என்று சந்தேகப்படலாம். மூட்டுவலி இருந்தாலும் நேரம் கூடும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நடை. தெருவில் வேண்டாம், வண்டிக்கு ஒதுங்குவதிலேயே நேரம் போய்விடும். மொட்டைமாடியில் 8 மீட்டர் அளந்து, முதல் மீட்டரையும் கடைசி மீட்டரையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள 6 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுங்கள். வழக்கமான நடையில் 6 விநாடிக்கு மேல் போனால் குறைவு. பிறகு தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளங்கள். பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை கரைந்திருக்கலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பாதீர்கள். இவை எல்லாம் ஆசிய சார்கோபீனியா (வயதால் தசை கரைவது) பணிக்குழு 2019-இல் ஆசியர்களின் உடல்வாகுக்கு வகுத்த எல்லைகள்.

ரத்தத்தில் ரொம்பப் பேர் ஏமாறுவது கிரியாட்டினினில்தான். அது தசையிலிருந்து வரும் கழிவு. மெலிந்த பாட்டிக்கு 0.9 என்று வந்தால் ரிப்போர்ட்டில் 'நார்மல்', ஆனால் கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். போட்டுத் தரச் சொல்லுங்கள். ரொம்ப மெலிந்தவர் என்றால் கிட்னிக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி கேளுங்கள், அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. முந்தின நாள் கறி வேண்டாம், சமைத்த இறைச்சி கிரியாட்டினினை ஏற்றிக் காட்டும்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி.யை ஹீமோகுளோபினோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு அதை ஏற்றிக் காட்டும், சமீபத்திய ரத்த இழப்பு இறக்கிக் காட்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. 'வயசானா அப்படித்தான்' என்று விடாதீர்கள், காரணம் தேடுங்கள். நெடுநாள் மெட்ஃபார்மின் வைட்டமின் பி12-ஐக் குறைக்கலாம், அதையும் பாருங்கள். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. எடுப்பதானால் சளி, காய்ச்சல் தீர்ந்து இரண்டு வாரம் போகட்டும்.

காசே ஆகாத ஒன்று பாக்கி. ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பாருங்கள். எழுந்து நின்று 1-ஆவது, 3-ஆவது நிமிடத்தில் மறுபடியும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது விழக்கூடும். அந்த மூன்று அளவையும் எழுதி, மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள். மெட்ரோவில் சென்ட்ரலில் இறங்கினால் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, அங்கே முதியோருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.