லினக்ஸில் 'டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள்' ஏன் நீக்கப்பட்டது?

லினக்ஸின் மையப்பகுதியான கர்னலைப் புதுப்பித்தபின் 'டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள்' (tcp_tw_recycle) என்ற இந்த அமைப்பைக் காணவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 2017-இல் வெளியான 4.12 பதிப்பிலேயே அது அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. முடிந்த இணைப்புகள் 60 விநாடி டைம்-வெயிட் எனும் காத்திருப்பு நிலையில் தங்குவதைக் குறைப்பதற்காக வந்த இவ்வசதி, ஒரே ஐபி முகவரியிலிருந்து வரும் தரவுப் பொதிகளிலுள்ள நேரமுத்திரைகள் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி, பின்தங்கிய முத்திரையுடன் வந்த இணைப்புக் கோரிக்கையைப் பதில் ஏதும் சொல்லாமல் கைவிட்டது.

டர்பனில் சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பொன்றில் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இருந்த இரு கணினிகளுள் ஒன்றில் எங்கள் தளம் உடனே திறந்தது. பக்கத்து மேசைக் கணினியிலோ வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. இவ்வசதி இயங்கிய எங்கள் சர்வருக்கு இரண்டும் ஒரே ஐபி முகவரியாகத் தெரிய, இரண்டின் நேரமுத்திரைக் கணக்கும் வேறாக இருந்ததே காரணம், அதைக் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளைகளின் பாடம் கெட்டது என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

4.10 முதல் இணைப்புக்கு இணைப்பு முத்திரையின் தொடக்கம் மாறியதால், நேட் (இப்படிப் பல கணினிகள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்வது) இல்லாத இடத்திலும் அது உதவாமல் போயிற்று. கர்னல் அமைப்புகளை எழுதிவைக்கும் சிஸ்சிடிஎல் (sysctl) கோப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். வெளியே செல்லும் இணைப்புகளுக்கு, டைம்-வெயிட்டில் இருப்பவற்றை மறுபடி பயன்படுத்தும் 'டிடபிள்யூ ரீயூஸ்' (tcp_tw_reuse) இருக்கிறது.