வால்வுல கிருமி இருக்கான்னு ஆன்டிபாடி ஸ்கேன்ல தெரியுமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு. 2 வருஷம் முன்னாடி இதயத்துல இருக்குற மைட்ரல் வால்வை எடுத்துட்டு மெட்டல் வால்வு வச்சாங்க. 3 வாரமா காய்ச்சல் விட்டு விட்டு வருது, எக்கோல தெளிவா தெரியலையாம். கதிரியக்க ஆன்டிபாடி ஊசி போட்டா கிருமியை நேராவே பாக்கலாம்னு படிச்சேன், எடுக்கலாமா?

பதில்: அந்த ஆன்டிபாடி கிருமியைப் பிடிக்கிறது இல்லைங்க, நம்ம ரத்தத்துல இருக்குற வெள்ளை அணுவைத்தான் பிடிக்கும், அந்த அணு எங்க போய் குமியுதோ அங்க கேமராவுல புள்ளி தெரியும், அவ்ளோதான். பெசிலெசோமேப்னு ஒண்ணு ஐரோப்பால இருக்கு, டெக்னீசியம்-99எம்-ங்கிற கதிரியக்கப் பொருளை ஏத்திப் போடுவாங்க, ஆனா அதுக்கு அனுமதி கொடுத்ததே கை கால் எலும்புல சீழ் இருக்கான்னு பாக்கத்தான். அது எலியோட ஆன்டிபாடி வேற, உடம்பு அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயார் பண்ணிடும், அதனால ஒருத்தருக்கு ஆயுசுக்கு ஒரு தடவைதான். கிருமியையே போய் ஒட்டுற மருந்து இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு.

உங்க அம்மா கேஸ்ல கேக்க வேண்டியது வேற. தொண்டை வழியா குழாய் விட்டுப் பாக்குற டிஇஇ எக்கோ எடுத்தாச்சா? ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட், 3 செட் எடுத்தாங்களா? மெடிக்கல்ல நீங்களா மாத்திரை வாங்கிக் குடுத்திருந்தா மறைக்காம சொல்லிடுங்க, கல்ச்சர்ல கிருமி வளராமப் போறதுக்கு அதுவே காரணமா இருக்கும்.

இதுக்கப்புறமும் சந்தேகம்னா எஃப்டிஜி பெட் சிடி, அதாவது கதிரியக்கம் ஏத்தின குளுக்கோஸை ஊசியாப் போட்டு அது எங்க சேருதுன்னு பாக்குற ஸ்கேன். செயற்கை வால்வுக்கு இது நல்லா உதவும், 2015 ஐரோப்பிய வழிகாட்டுதல்லயே சேத்துட்டாங்க. சொந்த வால்வுன்னா அவ்வளவா கண்டுபிடிக்காது, அதுல ஒட்டியிருக்குற கட்டி சில மில்லிமீட்டர்தான், அதுவும் துடிப்போட ஆடிக்கிட்டே இருக்கும். ஆபரேஷன் ஆகி 3 மாசத்துக்குள்ளன்னா ஆறுற புண்ணும் மினுங்கும், உங்களுக்கு அந்தக் கவலை இல்ல.

இந்த பெட் ஸ்கேன்ல சொதப்புறது பெரும்பாலும் சாப்பாட்டுலதான். ஸ்கேனுக்கு முந்தின நாள்ல சோறு, இட்லி, பழம், சர்க்கரை எதுவும் கூடாது, முட்டை, மீன், பனீர் மாதிரி சாப்பிட்டுட்டு அப்புறம் 12 மணி நேரமாவது பட்டினி, தண்ணி மட்டும். காலைல சர்க்கரை போட்ட ஒரு காபி போதும், இதயத் தசை முழுக்க குளுக்கோஸை இழுத்து படத்துல பளபளன்னு மின்னும், வால்வு எங்கன்னே தெரியாது. சுகர் இருந்தா இந்தப் பட்டினிய டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்காதீங்க.

பெட்லயும் குழப்பம்னா அம்மாவோட ரத்தத்தையே எடுத்து வெள்ளை அணுவுல டெக்னீசியமோ இண்டியம்ங்கிற இன்னொரு கதிரியக்கப் பொருளோ ஏத்தித் திருப்பிப் போட்டுப் பாக்குற ஸ்கேன் இருக்கு. மறுநாளும் படம் எடுக்க வரணும், எல்லா ஊர்லயும் கிடைக்காது, ஆனா சீழா வெறும் வீக்கமான்னு பிரிச்சுச் சொல்றதுல பெட்டை விட அது மேல்.