தருமபுரியில் இருந்துகொண்டே ஐஇஎல்டிஎஸ் கட்டுரைக்குத் தயாராக முடியுமா?

நர்சிங் முடித்த, பள்ளியில் தமிழ்வழியில் படித்த ஒருவர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கட்டுரைப் பகுதிக்காக மட்டும் பெங்களூரு போய் கோச்சிங் சேர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை என்பேன்.

எழுத்துத் தேர்வு மொத்தம் 60 நிமிடம். அதில் கட்டுரை இரண்டாவது பகுதி, குறைந்தது 250 சொற்கள், முதல் பகுதியைவிட இரண்டு மடங்கு மதிப்பு, அதனால் 40 நிமிடத்தை இதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

திருத்துபவர் நான்கைச் சமமாகப் பார்க்கிறார்: கேள்விக்கு முழுப் பதில், கருத்துகளின் கோர்வை, சொல்வளம், இலக்கணம். நம் ஆட்கள் கடினமான சொற்களை மனப்பாடம் செய்துவிட்டு முதலாவதில் கோட்டை விடுகிறார்கள். சுற்றுலாவால் நன்மை அதிகமா தீமை அதிகமா என்று கேட்டால் இரண்டையும் வரிசையாக எழுதிவிட்டு, எது அதிகம் என்று சொல்லாமலே முடித்துவிடுவார்கள்!

உதாரணத்துக்கு லண்டன் வரை போக வேண்டாம், சொந்த அனுபவத்திலிருந்து எழுதலாம் என்று வினாத்தாளிலேயே இருக்கும். ஒகேனக்கலில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை, பரிசல்காரரிலிருந்து மீன் வறுப்பவர் வரை வருமானம் படுத்துவிடும். சுற்றுலாவை மட்டும் நம்புவதன் ஆபத்துக்கு இதைவிட நல்ல சான்று ஏது?

யோசிப்பது தமிழில் இருக்கட்டும், பரவாயில்லை. வாக்கியம் மட்டும் சின்னதாக, நேராக ஆங்கிலத்தில் வரட்டும்.

அப்புறம், கணினியில் எழுதுவதாக இருந்தால் எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுக்கும் வசதி அங்கே கிடையாது, வீட்டில் பழகும்போதே அதை அணைத்துவிடுங்கள்.